அயலின் விலை

யாழ்ப்பாண நகரை அண்டிய கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி முதலிய ஊர்களில் வீடொன்று விலைக்கு வரும்போது அதன் சிறப்புகளாகக் கூறப்படுவனவற்றுட் பல அவ்வீட்டினுள் இல்லை. பாடசாலை அருகில் உண்டு. கோயிலுக்கு நடந்தே போகலாம். சந்தையும் பஸ் வீதியும் கிட்ட என்பர். இவற்றுள் எதனையும் விற்பவர் ஆக்கவில்லை. ஆயினும் அவற்றின் பெறுமதியைத் தம் காணியின் விலையோடு சேர்த்தே பெற்றுக்கொள்கிறார். தாம் ஆக்காத நன்மையை ஒருவர் தமதாக்கிக்கொள்வது எவ்வளவு தூரம் நியாயம்? 1879இல் ஹென்றி ஜோர்ஜ் இவ்வினாவுக்கு நிலவரியை விடையாகக் கண்டார். வரியோடு விடயம் முடிந்துவிடுமா என்பதே எமது ஐயம்.

எமது காணி உறுதிகள் இவ்வகையிற் சற்று நேர்மையானவை. கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அவற்றில் எழுதப்படும்போது, காணி வேலியோடு முடிவதில்லை என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமையும், காணியை விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அதனை ஈடாகப் பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டுமென விதித்தது.

இதனைக் கொண்டு பழைய அயலைப் போற்றிப் பாடப் புகுதல் தகாது. குடத்தோடு ஒதுங்கி நின்று, பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தவர்களுக்கும் அக்கிணறு அருகிலேதான் இருந்தது. கோயிலும் அவர்களுக்கு அருகிலேதான் இருந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுட் செல்வதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. ஆகவே, 'வசதிகள் அருகில் உண்டு' என்பாரிடம் எவருக்கு என்று கேட்பது குதர்க்கமாகாது.

நிலத்தின் கீழே நிலைமை வேறு. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கற் பாறையினுட் சுவறித் தங்கும் மழைநீரே எமது கிணறுகளுக்கு ஆதாரம். அந்நீர் உறுதியையோ சாதியையோ அறியாது. மதிலுக்கு இப்பால் வெட்டிய மலசலகூடக் குழியின் கசிவு அப்பாலுள்ள கிணற்றைச் சென்றடையக்கூடும். ஒரு வளவை இரு பெண்மக்களுக்குச் சீதனமாகப் பிரித்து வீடுகள் எழுப்பும்போது, கிணறும் குழியும் மேலும் நெருங்குகின்றன. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையக் கழிவெண்ணெயால் நிலத்தடி நீர் மாசுற்ற வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் குடியிருப்பாளருக்கு இழப்பீடு வழங்கப் பணித்தது. அத்தகைய பெரிய தீங்கு எவர் கண்ணுக்கும் புலப்படும். எமது குழி அயலவரின் கிணற்றுக்கு எத்தனை அடி தூரம் என்று அளந்து பார்ப்போர் சிலரே. எமக்கு அயல் இருப்பதுபோல நாமும் ஒருவருக்கு அயல் என்பது இலகுவில் மறந்துபோகிறது.

'சபைக்கு வரி கட்டுகிறேன். அத்துடன் என் கடமை தீர்ந்தது' என்பார் உளர். வரிப்பணம் மட்டுமே போதுமாயிருந்திருந்தால், ஊரவர் காணி கொடுத்தும் கல் சுமந்தும் சனசமூக நிலையங்களைக் கட்டியிருக்க வேண்டியதில்லை. அவற்றின் வாசிகசாலையிற் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களே இன்று இவ்வாதத்தைக் கூறுவது வியப்பு.

இப்பொழுது ஒழுங்கைகளின் முறை வந்துள்ளது. நோயாளர் வண்டி திரும்ப முடியாத ஒழுங்கையை அகலிக்க இரண்டடி நிலம் கேட்டால், வீதிக்குக் கிட்டிய காணியென்று விலை சொன்னவரே கணக்குப் பார்க்கிறார். அவருக்கு நட்டமில்லை என்று நாம் வாதிடவில்லை. மதிலை இடித்துப் பின்தள்ளிக் கட்டும் செலவை அவ்வொழுங்கையால் போய்வரும் வீட்டுக்காரர் அனைவரும் பங்கிட்டுக் கொடுத்தல் வேண்டும்; கடைசி வீட்டுக்காரர் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.