நலம், நலமறிய ஆவல்

அப்பா பம்பாயில் வேலை பார்த்த வருடங்களில் வீட்டுக்கு வந்த இன்லேண்ட் லெட்டர் எல்லாமே ஒரே வரியில்தான் தொடங்கும்: நலம், நலமறிய ஆவல். அம்மா அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். மீதியை இரவில்தான் படிப்பாள். எல்லாக் கடிதத்திலும் இருக்கிற வரியில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861-65) சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தபோது அதே வரி எதிரே வந்து நின்றது. பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன், நான் சுகம், நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்கிற மாதிரித்தான் பெரும்பாலான கடிதங்கள் தொடங்குகின்றன. பிறகு அறுவடை, பசு, கடன், வராத சம்பளம். அந்தப் போரில் கடிதங்களைத் தணிக்கை செய்ய முறையான ஏற்பாடு கிடையாது. கண்டதை எல்லாம் எழுதியிருக்கலாம், சிலர் எழுதவும் செய்தார்கள்.

வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியவில்லை. மாண்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். குண்டுபட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் போன்ற நோய்கள் கொண்டுபோனவர்கள் அதிகம். அப்படிப்பட்ட முகாமிலிருந்து ‘சுகம்’ என்று ஒருவன் எழுதினால் அதுதான் செய்தி. வடக்குப் படையின் சிப்பாய் தபால்தலை ஒட்டாமலே கடிதம் போடலாம். வாங்குகிறவர் மூன்று சென்ட் கட்ட வேண்டும். அந்தக் காசுக்கு வீட்டாருக்குக் கிடைத்தது, எழுதிய தேதியில் மகன் உயிரோடு இருந்தான் என்கிற தகவல். படிக்கிற நாளில் இருக்கிறானா என்பது வேறு கேள்வி. அம்மா இடுப்பில் செருகியது எதை என்று எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆயிற்று.

அழகான கடிதமும் உண்டு. ரோட் ஐலண்டைச் சேர்ந்த வழக்கறிஞர், மேஜர் சல்லிவன் பலூ, 1861 ஜூலை 14 அன்று மனைவி சாராவுக்கு எழுதியது. திரும்பாமல் போனால் என்ன ஆகும் என்பதை அவ்வளவு காதலோடு யாரும் எழுதியிருப்பார்களா தெரியாது. ஒரு வாரம் கழித்து புல் ரன் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. சில நாளில் இறந்தார். வயது 32. கடிதம் தபாலில் போகவே இல்லை, அவருடைய பெட்டியில்தான் கிடைத்தது என்கிறார்கள். 1990இல் கென் பர்ன்ஸின் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அதைக் கேட்டு நாடே கலங்கியது. எனக்கென்னவோ அதைப் பெட்டியில் போட்டு வைத்த கைமேல்தான் மரியாதை. உயிரோடிருக்கிற வரை வீட்டில் ஒருத்தி அதைப் படித்துத் தவிக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். சாரா மறுமணம் செய்யவில்லை. 1917 வரை வாழ்ந்தார்.

நலம் விசாரிக்க நேரமில்லாத ஒரு கடிதமும் இருக்கிறது. ஸ்பாட்ஸ்வுட் ரைஸ், மிசௌரியில் அடிமையாக இருந்து வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய். மிசௌரி வடக்கோடு நின்ற மாநிலம் என்பதால், கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களுக்கு மட்டுமான லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லுபடியாகவில்லை; அவருடைய மகள்கள் இன்னும் அடிமைகள். 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் ராணுவ மருத்துவமனையிலிருந்து, உயிரே போனாலும் உங்களை மீட்பேன் என்று அவர்களுக்கு எழுதினார். மகள் மேரியை வைத்திருந்த கிட்டி டிக்ஸுக்கும் தனியாக ஒரு கடிதம்: என் பிள்ளையை வைத்திருக்கிற காலத்துக்கெல்லாம் நரகத்தில் வேகப்போகிறாய் என்ற தொனியில். டிக்ஸ் குடும்பத்து ஆள் ஒருவரே அவர்கள் ஊரின் போஸ்ட்மாஸ்டர். அவர் இரண்டு கடிதங்களையும் ராணுவத் தளபதிக்கு அனுப்பி, இந்த ஆளை மாநிலத்தைவிட்டே கிளப்புங்கள் என்று புகார் செய்தார். அந்தப் புகாரோடு சேர்ந்துதான் கடிதங்கள் அரசு ஆவணக் காப்பகத்தில் பிழைத்துக் கிடக்கின்றன.

1937இல் மேரிக்கு 85 வயது. செயின்ட் லூயிஸில் தன்னைப் பேட்டி கண்டவர்களிடம், அப்பா படிக்கக் கற்றுக்கொண்ட கதையையும் சொன்னார். கற்றுக்கொடுத்தது முதலாளியின் மகன்; அதற்காக முதலாளிக்குக் கடுங்கோபமாம்.