குடும்பத்தின் பெயரால்

தனக்கென்று ஒரு பொருளை வாங்கும்போது மனிதனின் கை சற்றே தயங்குகிறது. பிறருக்கென்று வாங்கும்போது அத்தயக்கம் எங்கோ மறைந்துவிடுகிறது. "எனக்கு ஆசையாக இருக்கிறது" என்று சொல்ல நாணுகிறவன், "பிள்ளைகளுக்காக வாங்குகிறேன்" என்று சொல்லும்போது தலைநிமிர்ந்து நிற்கிறான். ஆசை, கடமையின் ஆடையை உடுத்திக்கொண்டு வெளியே வரும் காட்சி இது. வீடு வாங்குவதிலும் கார் வாங்குவதிலும் இதைக் காணலாம். ஆயினும் வீடும் காரும் எப்படியோ எல்லார்க்கும் பயன்பட்டுவிடுகின்றன. வாங்கியவனின் உள்நோக்கம் அங்கே வெளிப்படாமலே போய்விடலாம். படகு அத்தகையதன்று. கரையை விட்டு நகர்ந்த அரை மணி நேரத்தில், அது யாருக்காக வாங்கப்பட்டது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும்.

கிள்ளானில் லாரிப் பட்டறை நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது ஐம்பதை நெருங்குகிறது. அவருடைய பாட்டனார் ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பினாங்கில் வந்து இறங்கியவர். தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவ்விரு தலைமுறையினர்க்கும் கடல் என்பது ஒருமுறை கடந்துவிட்டு மறக்க முயன்ற ஒன்று. மூன்றாம் தலைமுறையினராகிய இவருக்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு கடலுக்குப் போவதில் பெருவிருப்பம். இதுவரை வாடகைப் படகில் நண்பர்களோடு போய்வந்தார். இப்போது 32 அடி நீளமுள்ள மீன்பிடி உல்லாசப் படகு ஒன்றை, பின்புறத்தில் 300 குதிரைத்திறன் கொண்ட இரண்டு மோட்டார்கள் மாட்டியபடி, சொந்தமாக வாங்க எண்ணுகிறார். "எத்தனை நாளைக்கு உங்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது? இனி எல்லாரும் சேர்ந்தே போகலாம்" என்று மனைவியிடம் சொல்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. கவனிக்கத்தக்கது இதுதான். பிறரை ஏமாற்றுகிறவனுக்கு உண்மை எது என்பதாவது தெரியும். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறவனுக்கு அதுவும் தெரிவதில்லை. அன்புள்ள ஒரு தந்தை, தம் ஆசையையும் தம் அன்பையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, எது எவ்வளவு எடை என்று அறியாமல் நிற்கிறார்.

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் மோட்டாரின் பிறப்பைப் பற்றிச் சுவையான கதை ஒன்று வழங்குகிறது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்தவர் ஓலே எவின்ரூட். ஏரிக்கரையில் உல்லாசமாக இருந்த ஒரு கோடை நாளில், பின்னாளில் தம் மனைவியான பெண் ஐஸ்கிரீம் கேட்டதால், துடுப்பு வலித்து அக்கரைக்குச் சென்று வாங்கி வந்தாராம். வந்து சேர்வதற்குள் அது உருகிவிட்டது. துடுப்புக்கு மாற்றாக ஒரு மோட்டாரை அமைக்கும் எண்ணம் அவருக்கு அன்றுதான் எழுந்தது என்பர். இத்தகைய மோட்டாரை முதன்முதல் செய்தவர் அவர் அல்லர். ஆனால் 1909இல் அவர் விற்கத் தொடங்கிய மோட்டார்தான் உலகெங்கும் பரவியது. அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 28 கிலோ. 2021இல் மெர்குரி நிறுவனம் வெளியிட்ட 12 சிலிண்டர் மோட்டாரின் ஆற்றல் 600 குதிரைத்திறன். எடை 570 கிலோவுக்கும் மேல். ஒரு நூற்றாண்டில் இயந்திரம் இவ்வாறு வளர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய கதையில் உள்ள ஒரு செய்தியை மறந்துவிடலாகாது. அங்கே ஒருத்தி கேட்டாள், ஒருவர் கொண்டுவந்தார். கிள்ளான் வீட்டில் படகு வேண்டும் என்று கேட்டவர் யார்?

கேளாமல் கொடுக்கும் பரிசு உயர்ந்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. சிலவேளைகளில் அது உண்மையே. ஆயினும் கேளாமல் கொடுக்கப்படும் பெரிய பரிசு, பெற்றவர் தோளில் ஒரு சுமையையும் ஏற்றிவைக்கிறது. மகிழ வேண்டும் என்னும் சுமை அது. "உங்களுக்காக இவ்வளவு செலவு செய்தேனே" என்று தந்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. படித்துறையில் கட்டிக்கிடக்கும் படகே அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கேட்டவர் யார் என்பதை அறிய, படகைத் தெரிவுசெய்யும் முறையையே உற்றுப் பார்க்கலாம். முதலில் அதன் அடிப்பாகம். அலைகடலில் விரைந்து ஓடும் மீன்பிடிப் படகுகளுக்கு அடிப்பாகம் ஆழ்ந்த ஆப்பு வடிவில் அமைந்திருக்கும். அமெரிக்கரான ரே ஹன்ட் வகுத்த இவ்வமைப்பு, 1960இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த பந்தயத்தில் கடுங்கடலை வென்றபோது புகழ்பெற்றது. அலையைக் கத்திபோல் வெட்டிச் செல்வதால், வேகத்தில் ஓடும்போது உடம்பை உலுக்காது. ஆனால் ஓட்டம் நின்றுவிட்டால், அதே ஆப்பு வடிவம் படகை இருபுறமும் தொட்டில்போல் ஆட்டும். தட்டையான அடிப்பாகமோ நேர்மாறானது. நிற்கும்போது அமைதியாக நிற்கும். அலையில் ஓடும்போது பலகையால் அடிப்பதுபோல் அடிக்கும். இரண்டு நன்மையையும் ஒருங்கே முழுமையாகத் தரும் படகை இன்றுவரை எவரும் கட்டவில்லை. நிலத்துத் தேரையும் கடல் நாவாயையும் எடுத்துக்காட்டி, இடனறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் இதைக் கண்டிருந்தால் வியப்படைந்திருக்கமாட்டார்.

அப்படியானால் எதைத் தெரிவுசெய்வது? மீன் பிடிப்பவர் தொலைவிலுள்ள இடத்திற்கு விரைந்து போக வேண்டும். ஆதலின் ஆழ்ந்த அடிப்பாகத்தை விரும்புவார். போய்ச் சேர்ந்தபின் படகு ஆடினாலும் அவருக்குப் பொருட்டில்லை. அவர் கண் தூண்டில் முனையில் இருக்கும். குடும்பத்தினர்க்கோ கடற்பொழுதின் பெரும்பகுதி நின்ற படகில்தான் கழிகிறது. சோறு உண்பதும், பேசுவதும், பிள்ளைகள் விளையாடுவதும் படகு நிற்கும்போதே. தலைசுற்றலும் வாந்தியும் வருவதும் அப்போதுதான். எனவே, அடிப்பாகத்தின் வளைவு வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. யாருடைய நலம் முதலில் எண்ணப்பட்டது என்பதற்கு அது சான்றாகிவிடுகிறது.

பிறவற்றையும் இவ்வாறே காணலாம். நடுவில் ஓட்டுமேடையும் நாற்புறமும் வெறுந்தளமும் கொண்ட படகில், மீனைத் தொடர்ந்து சுற்றிச்சுற்றி நடக்க எளிது. ஆனால் நண்பகல் வெயிலில் ஒதுங்க, ஓட்டுமேடைக்கு மேலுள்ள சிறு கூரையைத் தவிர வேறு நிழல் இராது. கழிவறை என்பது ஓட்டுமேடைக்குள் குனிந்து நுழையும் ஒரு பொந்தாக இருக்கும். சில படகுகளில் அதுவும் இல்லை. ஆடவர் மட்டும் போகும்போது இது பேச்சாகவே எழாது. மனைவியும் பருவமடைந்த மகளும் உடன்வரும் நாளில், படகிலேயே இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. பல பெண்கள் கடலுக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடியாமல் இருந்துவிடுகிறார்கள். அதை அறியாமலே, "ஏன் சோர்ந்திருக்கிறாய்?" என்று கேட்கும் கணவர்களும் இருக்கிறார்கள்.

படகின் பின்புறம் இன்னும் கருதத்தக்கது. தீவின் ஓரத்தில் நங்கூரமிட்டதும் பிள்ளைகள் நீரில் குதிக்க விரும்புவர். அவர்கள் ஏறி இறங்கும் ஏணி பெரும்பாலும் பின்புறத்தில், சுழலிகளின் அருகிலேயே இருக்கும். மோட்டார் நின்ற பிறகே எவரும் நீரில் இறங்கலாம். கடைசிப் பிள்ளை மேலே ஏறிய பிறகே மோட்டாரை முடுக்கலாம். இது மிக எளிய விதி. மீன் கூட்டம் ஒன்று தொலைவில் துள்ளுவதைக் கண்ட தந்தை இவ்விதியை நினைவில் வைப்பாரா என்பது எளிதன்று.

மீனைப் பற்றியும் ஒரு சொல். கிழக்குக் கரையில் கோல ரொம்பின் கடலில் மயில்மீனைத் தூண்டிலில் பிடித்து, மீண்டும் கடலிலேயே விட்டுவிடுகிற வழக்கம் உண்டு. உண்பதற்கன்றி விளையாட்டிற்காக ஓர் உயிரைத் துன்புறுத்துவது தகுமா என்னும் கேள்வி தனியே ஒரு கட்டுரைக்கு உரியது. இங்கே கேட்க வேண்டியது வேறு. பிடித்ததை விட்டுவிடத் தெரிந்தவருக்கு, பிடிக்கப் போகும் ஆசையையும் ஒருநாள் விட்டுவிட்டுத் திரும்பத் தெரியுமா?

மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று வீசுவதுண்டு. இரவில் திரண்டு, விடியற்காலையிலும் முற்பகலிலும் மேற்குக் கரையைத் தாக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம். மேற்கே வானம் ஒரு கருஞ்சுவராக எழும்போதே திரும்பிவிட்டால் தீங்கில்லை. ஆனால் திரும்புவது எப்போது கடினமாகிறது? படகு பெரிதாக இருக்கும்போது. "இந்தக் காற்றுக்கு இது அசையாது" என்னும் துணிவு வந்துவிடுகிறது. இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று கரைசேர்க்கும் என்னும் நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. சேர்க்கும்தான், ஆனால் பளுவான படகு ஒற்றை மோட்டாரில் விரையாது, தவழ்ந்தே வரும். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தாலோ இரண்டும் அடுத்தடுத்து நின்றுவிடும்.

செலவும் திரும்பவிடாமல் தடுக்கிறது. 300 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று முழுவேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 110 லிட்டர் பெட்ரோல் குடிக்கும்; இரண்டுக்கும் 220 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, எஞ்சிய ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்பது கடலோடிகளின் பழைய கணக்கு. இவ்வளவு எரித்துவிட்டு ஒன்றும் பிடியாமல் திரும்புவதா என்று மனம் கேட்கும். அப்போது அந்த மூன்றாம் பங்கின் மீதே கை வைக்கத் தோன்றும். சம்பானில் போகிற ஏழை மீனவர் வானத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார். பொருளை மிகுதியாகக் கொட்டியவருக்கே திரும்புவது தோல்வியாகத் தெரிகிறது.

"எல்லாரும் சம்மதித்துத்தானே வந்தார்கள்?" என்று கேட்கலாம். மனைவி சம்மதித்தார், பிள்ளைகள் துள்ளிக் குதித்து வந்தார்கள். ஆனால் கடலை அறியாதவரின் சம்மதம் எவ்வளவு பெறும்? அபாயம் இன்னதென்று அறிந்து தலையசைப்பது வேறு. அன்புக்குரியவர் அழைக்கிறாரே என்று தலையசைப்பது வேறு. பின்னதைப் பெற்றுக்கொண்டவர், முன்னதையும் பெற்றுவிட்டதாக எண்ணிக்கொள்ளலாகாது. அறிந்தவர் ஒருவர், அறியாதவர் நால்வர் என்றிருக்கும் படகில், நால்வருக்கான அச்சத்தையும் அந்த ஒருவரே பட்டாக வேண்டும்.

இன்னொரு மறுப்பும் எழும், அது வலிமையானது. தந்தையின் மகிழ்ச்சி குடும்பத்தின் மகிழ்ச்சி ஆகாதா? இருபது ஆண்டுகள் பட்டறையின் எண்ணெய்ப் புழுதியில் உழைத்தவர் ஒருநாள் காற்று வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம். அவருடைய ஆசையில் குற்றம் ஏதுமில்லை. "இது என் ஆசை; என்னோடு சில நாள் வாருங்கள்" என்று அவர் சொல்லியிருந்தால், மனைவி சில ஞாயிறு வந்திருப்பார்; சில ஞாயிறு வீட்டில் ஓய்ந்திருப்பார்; எவர்க்கும் மனக்குறை இராது. ஆசையைக் கடமையாக்கியதால் வந்த கேடு யாதெனில், மற்றவர்களும் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. வாந்தியெடுத்துக் களைத்த சிறுவன், கரையேறியதும், "நல்லா இருந்துச்சுப்பா" என்கிறான். மனைவி, "அடுத்த வாரமும் போகலாங்க" என்கிறார். அவர் அன்பினால் ஒன்றைச் சொன்னார். அவர்களும் அன்பினால் ஒன்றைச் சொன்னார்கள். ஒரே வீட்டில், அன்பின் பெயரால், ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்துவிட இது போதும்.

படகு விற்பவர் கடலோட்டம் காட்ட அழைத்துச் செல்வது வழக்கம். அந்த ஓட்டம் எப்போதும் முழுவேகத்தில்தான் இருக்கும், நீர்த்திவலை தெறிக்கும், வாங்குபவர் முகம் மலரும். கிள்ளான் நண்பர் மனைவியையும் மக்களையும் உடன் அழைத்துச் செல்லட்டும். கரையிலிருந்து சில கிலோமீட்டர் போனதும், இரண்டு மோட்டார்களையும் நிறுத்தும்படி கேட்கட்டும். படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொள்ளும். தூண்டிலை எடுக்காமல், உச்சி வெயிலில், அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மனைவி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மகள் எங்கே உட்கார இடம் தேடுகிறாள், சிறுவன் எப்போது பேச்சை நிறுத்துகிறான் என்று அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். விற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும்.