இருப்பு

துணிக்கடைக்காரர் ‘இருப்பு’ என்றால் விற்காமல் கிடக்கிற சரக்கு என்று பொருள். நம் சிறு பத்திரிகைகளில் அதே சொல் மனிதன் உலகில் இருக்கும் நிலையைக் குறிக்க வந்தது. இந்த இரண்டு அர்த்தங்களும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. வெட்டுத் துண்டுகளை இணைத்து விரிப்பும் போர்வையும் தைக்கிற பெண்ணின் துணி மூட்டை.

இந்தச் சேகரத்தை அமெரிக்கப் பெண்கள் ‘ஸ்டாஷ்’ என்கிறார்கள். மறைத்து வைத்தது என்பது அச்சொல்லின் நேர்ப் பொருள். அங்கே அதற்கென்று அறை, அலமாரி, நிறவாரியாக அடுக்கு. புளியந்தோப்பில் ஒற்றை அறை வீட்டில் ஒரு மூட்டை கூடினால் ஒருவர் காலை மடக்கிப் படுக்க வேண்டும். ஆகவே துணியை எப்படி அடுக்குவது என்பது இங்கே வெறும் வீட்டு நிர்வாகம் அல்ல. நாளைக்கு உதவும் என்று நான் வைத்துக்கொள்வது இன்று யாருடைய இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே பிரச்னை.

பௌத்த விநயம் இதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுகிறது. மிகையான துணியைப் பிக்கு பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் அதை ஒப்படைத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். அதே விநயத்தில் இன்னொரு சம்பவம். கோசாம்பியில் உதயண மன்னனின் மனைவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைக் கொடுக்கிறார்கள். இவ்வளவையும் வைத்து என்ன செய்வீர், துணி வியாபாரமா என்கிற மாதிரி மன்னன் கேட்கிறான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்து கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். அவர்களுடைய பழையவை? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறை. அதுவும் பழசானால் தரை விரிப்பு, பிறகு கால் துடைக்க, பிறகு தூசி தட்ட. கடைசியில் கிழித்து மண்ணோடு பிசைந்து பூசுவோம் என்கிறார். மன்னன் திருப்தியடைந்து இன்னும் ஐந்நூறு கொடுக்கிறான். மகத நாட்டு வயல்களின் வரப்பு அமைப்பைப் பின்பற்றித் துண்டுகளை இணைத்துச் சீவரம் தைக்க வழி செய்தவரும் இதே ஆனந்தர்தான்.

மன்னனுக்குத் தடையாக இருந்தது எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு துணிக்கும் அடுத்த இடம் எது என்று ஆனந்தருக்குத் தெரிந்திருந்ததால் ஐந்நூறும் குவியலாகவில்லை. போகுமிடம் தெரியாத ஒரே ஒரு முழத்துணியும் குவியல்தான்.

ஆனால் பத்து நாள் விதியை அப்படியே குடும்பக்காரியின் தலையில் வைக்க முடியாது. பிக்குவுக்குக் கொடுக்க ஊர் இருக்கிறது. அவளுக்கு அப்படி யாருமில்லை. 1921-இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம் சாதிப் பிளவாக மாறியபோது புளியந்தோப்பில் ஆதி திராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இதே பகுதியின் தெருக்களில் மழைநீர் நின்றது. அலமாரி என்பது வீடு நிலைக்கும் என்று நம்புகிறவனின் ஏற்பாடு. மூட்டை என்பது எந்த நேரமும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கலாம் என்று அறிந்தவளுடையது. அதைப் பார்த்துப் ‘பதுக்கல்’ என்று சொல்ல நமக்கு யோக்யதை கிடையாது. யுத்த காலத்தில், 1943-இல், துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது கிடங்குகளை உத்தேசித்து. பரண்களை உத்தேசித்து அல்ல.

அப்படியானால் அவளை எந்த அளவுகோலும் தொடாதா? தொடும். அது துணியிலேயே இருக்கிறது. கெட்டிக் காக்கியையும் மெல்லிய மல்லையும் சேர்த்துத் தைத்தால் சலவையில் ஒன்று மற்றதை இழுக்கும். அதனால் முதல் பிரிவு கனத்தைப் பார்த்து, அடுத்ததுதான் நிறம். சாயம் போகிறவை தனியே. கஞ்சிப் பசையோடு வைத்தால் பூச்சி தின்னும். அலசிக் காயவைத்தே மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்திப் புடவையில் கட்டினால் காற்று போய்வரும். மழை முடிந்து வெயில் வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதற வேண்டும்.

இந்தக் கடைசிக் காரியம்தான் முக்கியம். வருஷத்துக்கு ஒரு முறையாவது மூட்டை அவிழ்கிறது. எது எதற்கு என்று எடுத்து வைத்தோம் என்ற கணக்கு அப்போது அவள் முன்னால் விரிகிறது. இது பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு ஆகும், இது தைக்க, இது துடைக்க என்று அவளால் சொல்ல முடிந்தால் அவள் ஆனந்தரின் பக்கம். சொல்ல முடியாமல் திரும்பவும் மடித்து வைத்தால், எவ்வளவு அழகாக மடித்தாலும், வெட்ட மனம் வராத ஆசையைத்தான் அடுக்குகிறாள். ஒழுங்கு சில சமயம் செயலுக்குப் பதிலாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதுகிற நமக்கும் இது தெரியாததல்ல. குறிப்பு நோட்டுகளை வரிசைப்படுத்தியே வருஷங்களைக் கழித்தவர்கள் நம்மிடையே இல்லையா?

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பி அண்ட் சி மில் 1996-இல் மூடப்பட்டது. அங்கே நெய்த காக்கி இனி வராது. எந்த மூட்டையிலாவது அதில் ஒரு துண்டு கிடந்தால் அது வெறும் துணியா, சாட்சியமா? சாட்சியம் என்றால் வெட்டக் கூடாது என்று நமக்குத் தோன்றும். நமக்கு அருங்காட்சியகப் புத்தி. ஆனால் துணி என்ற சொல்லே துணிக்கப்பட்டது, வெட்டப்பட்டது என்று சொல்கிறது. ஒரு மில்காரரின் உழைப்பு பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதா, பேரப்பிள்ளை படுக்கிற விரிப்பின் நடுவில் தேய்ந்துகொண்டிருப்பதா, எது அதற்கு மரியாதை?

அந்தத் துண்டை நெய்தவர் அது உடுத்தித் தேய்வதற்காகத்தான் நெய்தார். பதிலை அங்கிருந்து தொடங்கலாம்.