உப்புக் காற்றில் ஒரு திருநந்தவனம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுக்குச் செய்யும் கைங்கரியங்கள் பல. திருவிளக்கு ஏற்றுதல், திருவலகு இடுதல், திருமஞ்சனத்திற்குத் தீர்த்தம் கொணர்தல் என அவை விரியும். அவற்றுள் புஷ்ப கைங்கரியத்திற்குத் தனியானதோர் ஏற்றம் உண்டு. இலை, பூ, கனி, நீர் போன்ற எளியவற்றையும் அன்பு ஒன்றுக்காகவே ஏற்கும் கண்ணனது நீர்மையைக் கீதையின் ஒன்பதாம் அத்தியாயம் காட்டுகிறது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்தார். தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து மாலை கட்டினார். பாசுரம் அருளிய அப்பெரியோர்கள் மண்ணைக் கொத்தி நீர் வார்த்த திருக்கையினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வடசென்னையில் வாழும் அடியார்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பூச்செடி பிழைக்குமா என்பதே அது. ஐயம் பொருளற்றதன்று. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 140 செ.மீ. மழை பெய்தாலும் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்து தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தபின் நிலம் காயத் தொடங்குகிறது. கோடையில் மேற்கிலிருந்து அனற்காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று வரும். அது கொணரும் உப்பு இலைமேற் படிந்து ஓரங்களைக் கருக்கும். மணற்பாங்கான மண்ணில் வார்த்த நீர் நில்லாது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரோடு கடல்நீர் கலந்தது 1969-லேயே அறியப்பட்டது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, குடிநீருக்கே மக்கள் குடங்களோடு காத்து நின்றதை யாரும் மறந்திலர்.

ஆயினும் இந்த உப்புக் கரையை எம்பெருமான் ஒதுக்கினானா? திருவொற்றியூரைச் சேர்ந்த காலடிப்பேட்டை அதற்கு விடை சொல்லும். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. ‘காலெட் பேட்டை’ என்பதே காலடிப்பேட்டை என மருவிற்று. அவரிடம் பணிபுரிந்த வீரராகவர் என்னும் அடியவர் காஞ்சி வரதனையே நினைந்து வாழ்ந்தார் என்றும், அவரது பக்தியின் மெய்ம்மையைச் சோதித்தறிந்த துரை வரதனுக்கு இங்கேயே கோயில் எழச் செய்தார் என்றும் கர்ண பரம்பரையாகச் சொல்வர். அங்கே கல்யாண வரதராஜனாக எம்பெருமான் எழுந்தருளியிருக்கிறான். அடியவனுக்காக அவனே நெய்தல் நிலத்திற்கு வந்தான். அவன் வந்த நிலத்தில் அவனுக்கு ஒரு பூ மலராது என்று கைவிடுதல் தகுமோ?

பூ வேண்டுவோர் முதலில் தேடவேண்டுவது நீரை. இதை அனந்தாழ்வான் சரிதம் உணர்த்தும். திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய வல்லார் யார் என்று எம்பெருமானார் வினவ, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சாமல் எழுந்து நின்றவர் அவர். திருமலை சேர்ந்தவர், நந்தவனத்திற்காக ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த அவர் தேவிகள் மண் சுமந்தார். எம்பெருமான் சிறு பிள்ளையாய் வந்து அவளுக்கு உதவ, ‘என் கைங்கரியத்தில் பங்கு கொள்கிறாயா’ எனச் சினந்து அனந்தாழ்வான் கடப்பாரையை எறிந்தார். அது பிள்ளையின் மோவாயில் பட்டது. திருவேங்கடமுடையான் மோவாயில் பச்சைக் கருப்பூரம் சாத்தும் வழக்கம் இதனால் வந்தது என்பர். அக்கடப்பாரை இன்றும் திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்தில் தொங்குகிறது. தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. கூரை மழையைத் தேக்கும் ஒரு தொட்டியே இன்றைய அடியவனுக்கு அனந்தாழ்வான் ஏரி.

நீருக்கு அடுத்தது காலம். அடைமழையில் விதை அழுகும். சித்திரை வெயிலில் முளை கருகும். மழை ஓயும் கார்த்திகைக் கடைசியில் தொட்டியில் நாற்றுவிட்டு, மார்கழியில் நட்டால், துலுக்கச் சாமந்தியும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் மாசி, பங்குனியில் பூக்கும். மணலோடு செம்மண்ணும் மக்கிய எருவும் கலத்தல் வேண்டும். வேரடியைச் சருகால் மூடி, மாலையில் நீர் வார்க்க வேண்டும். மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், அது கசிந்து கசிந்து வேரை நனைக்கும். காலையில் நன்னீர் தெளித்தால் இலைமேற் படிந்த உப்பு கழுவப்படும்.

காற்றுக்கு அஞ்சி மதில் எழுப்புவோர் உண்டு. சுவரில் மோதிய காற்று மேலேறி, அப்பால் சுழன்று விழுந்து செடியை முறிக்கும். தென்னங்கீற்றுத் தட்டியோ காற்றில் ஒரு பங்கை உள்ளே விட்டு, அதன் வேகத்தைத் தணிக்கும். பாகவதர்களின் கூட்டுறவும் அத்தகையதே. துன்பமே வாராமல் தடுக்கும் மதில் அன்று அது. வந்த துன்பத்தைத் தாங்கும் அளவாக்கித் தரும் வேலி. நட்ட ஒரு மாதத்தில் சாமந்தியின் நுனியைக் கிள்ளினால், செடி ஓங்காமல் பக்கக் கிளை விட்டுப் பூப் பெருகும். தாழ்ந்து நிற்பதால் காற்றிலும் பிழைக்கும். நைச்சியத்திற்கு இதனினும் தெளிவான உவமை ஏது?

எப்பூவைத் திருமேனியில் சாத்தலாம் என்பது அந்தந்தச் சந்நிதியின் ஆகமத்தையும் வழக்கத்தையும் பொறுத்தது. மணமில்லாப் பூக்களைக் கொள்ளாத இடங்களில் அவை தோரணத்திற்கும் திருத்தேருக்கும் ஆகும். அர்ச்சகரைக் கேட்டுச் செய்தலே முறை. திருத்துழாயோ எல்லாப் பெருமாள் சந்நிதிகளிலும் உவந்து ஏற்கப்படுவது.

இப்பூச்செடிகள் ஓராண்டுச் செடிகள் என்பதில் ஒரு பெரிய பொருள் உண்டு. தந்தை நட்ட மகிழமரம் பேரனுக்கும் பூச் சொரியும். தந்தை விதைத்த வாடாமல்லியோ அவ்வாண்டோடு முடியும். மகன் விதைத்தாலன்றி மறு ஆண்டு பூ இல்லை. பாட்டனார் தேர்வடம் பிடித்தார், தந்தையார் தளிகைக்கு அரிசி அளந்தார் என்று பேசுவதால் இவ்வாண்டுக் கைங்கரியம் நிறைவேறாது. பக்தி சொத்தாக வருவதன்று. ஆண்டுதோறும் விதைத்து வளர்ப்பது. கடையில் வாங்கிச் சாத்தும் மாலையும் கைங்கரியமே. ஆயினும் அதில் விதைத்துக் காத்திருந்த நாள்கள் இல்லை.

நல்ல பூக்கள் யாவும் எம்பெருமானுக்கே. எனினும் ஒன்றிரண்டைச் செடியிலேயே முற்றவிட வேண்டும். அது அவனிடமிருந்து ஒளித்ததாகாது. வரும் உற்சவத்து மாலைக்காக இன்றே ஒதுக்கியது. அவ்விதையை உலர்த்தி முடிந்துவைத்து, அடுத்த கார்த்திகையில் வீட்டுக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். குழந்தை விதைத்த செடியின் முதற்பூ சந்நிதி சேரும் நாளில், அக்குடும்பத்தின் கைங்கரியம் ஒரு தலைமுறை நீளும். உற்சவம் சேவித்து இல்லம் திரும்பும் அடியார்கள் மாடியிலோ முற்றத்திலோ ஒரு தொட்டி மண்ணேனும் இதற்கென ஒதுக்குவராக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.