சிற்றாணியும் நல்லறமும்

பெருந்தீங்குகள் யாவும் பெருங்குற்றங்களிலிருந்தே பிறக்கின்றன என்று எண்ணுவது மக்கள் இயல்பு. மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைத் தாங்கி நிற்கும் ஓர் ஆணியைக் குறித்துச் சற்றே சிந்திப்போமாயின், இவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையதென்பது விளங்கும்.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் சூளூர்பேட்டை உள்ளது. 2022 வரை நெல்லூர் மாவட்டத்திலும், பின்னர் திருப்பதி மாவட்டத்திலும் சேர்ந்த ஊர் அது. ஏவுகலங்கள் எழும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை, இங்கிருந்தே கிழக்கே பிரிந்து பழவேற்காட்டு ஏரியைக் கடக்கிறது. அவ்வேரியின் உப்புக்காற்று இரும்பை அரிக்க வல்லது. துருவேறிய போல்ட்டோ, பழைய சைலன்ஸரைக் கழற்றும்போதே முறிந்துவிடும். புதிய குழாயை எங்கும் வாங்கிவிடலாம். அதைப் பிணைக்கும் கிளாம்ப்பும் போல்ட்டும் நட்டும் ரப்பர் புஷ்ஷும் உரிய அளவில் அமைவதே அரிது.

ஏன் அரிது? பழைய புல்லட் வண்டிகளில் பிரிட்டிஷ் அளவு மரைகள் இருந்தன. பிற்காலத்து வண்டிகளில் மெட்ரிக் மரைகள் வந்தன. தடிமன் 8 மில்லிமீட்டராகவே இருப்பினும், மரையின் இடைவெளி ஒன்றில் 1.25, மற்றொன்றில் 1 மில்லிமீட்டர் ஆகலாம். இரண்டு சுற்று இலகுவாய்ச் செல்லும். பின்பு வலிந்து முறுக்கினால் இறுகியதுபோல் நிற்கும். உள்ளே மரை சிதைந்திருக்கும். நைலான் வளையம் பதித்த நட்டும் இத்தகையதே. மற்றைய இடங்களில் உறுதியாய் நிற்பது, புகைக்குழாயின் வெப்பத்தில் நைலான் இளகப் பிடியை இழக்கும். பொருந்தியதுபோல் தோன்றுவது வேறு, பொருந்துவது வேறு.

நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரின் உறுப்புகளை ஒவ்வொன்றாய்ச் சுட்டி, இதுவோ தேர் என வினவியதை அன்பர்கள் அறிவர். உறுப்புகள் கூடி நிற்கும்போதே தேர் என்னும் பெயர் நிலைக்கிறது. அங்ஙனமாயின் அவற்றைக் கூட்டி நிறுத்தும் ஆணியை அற்பமென்பது எங்ஙனம்?

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். மாலைப் பொழுது, கடைகள் அடைபட்டன, வழிப்போக்கனோ கைப்பொருள் இல்லாதவன். பழுதுபார்ப்பவர் கட்டுக்கம்பியால் குழாயைக் கட்டி அனுப்புகிறார். இதுவும் இரக்கமன்றோ? ஆம், இரக்கமே, கம்பியைக் குறை கூறுவார் யாருமிலர். "இது வீடு சேரும்வரைதான், மெல்லச் செல்லுங்கள், நாளையே போல்ட்டு இடுங்கள்" என்று சொல்லிக் கட்டிய கம்பி உதவியாகும். அதன்மேல் வண்ணம் பூசி, "எல்லாம் சரியாயிற்று" என்று கூலி பெறுவது பொய்யாகும். கம்பி ஒன்றே, அதனோடு சேர்ந்த சொல்லே அறத்தையும் மறத்தையும் வகுக்கிறது.

அப்பொய்யின் விளைவு யாரைச் சேரும் என்பதே இதில் மிகக் கொடியது. கூலி பெற்றவர் கடையில் இருப்பார், கொடுத்தவரும் தப்பிவிடக்கூடும். குழாய் நெடுஞ்சாலையில் கழன்று விழுமாயின், பின்னே இரவில் வண்டியோட்டி வருபவரே அதில் இடறுவார். அவர் இருவரையும் அறியார். அந்த ஆணியைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. முகமறியாத அவருக்கு நாம் பட்டிருக்கும் கடனே அந்தச் சிற்றாணி.

ஆதலின் முறிந்த ஆணியை எறிந்துவிடாது கடைக்கு எடுத்துச் சென்று, மரையோடு மரை வைத்து ஒப்பிட்டு வாங்குக. எல்லா ஆணிகளையும் முதலில் தளர்வாய்ப் பூட்டுக; பின் எஞ்சின் தலையிலுள்ள இணைப்பை இறுக்கி, தாங்கியை இறுதியில் முடுக்குக. கோணலை வலிமையால் நேராக்க முயன்றால், அதிர்வில் தாங்கி விரிசலுறும். சில நாள் ஓடியபின் மறுமுறையும் சோதிக்க.

காண்பாரில்லாத இடத்திலும் ஓர் ஆணியைச் சரியாய் முடுக்குபவன், காணாத மனிதனிடத்தும் அன்புடையவன் ஆவான்.