இதயம் தேறிய பின் நினைவு தளர்ந்தால்

அறிவின் இருப்பிடம் யாது? நம் முன்னோர் இதனை வீண் வினாவாகக் கருதவில்லை. அது இதயத்தில் உள்ளதென்று ஷாஃபிஈ மத்ஹபினர் கூறினர். மூளையில் உள்ளதென்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தென அறிஞர் எடுத்தெழுதியுள்ளனர். இரு மத்ஹபினரும் கலந்து வாழும் தமிழ் முஸ்லிம்களிடையே இரு கருத்துக்கும் உறவினர் உண்டு! இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும்படி இக்கால மருத்துவம் நம்மைச் செய்துவிட்டது. இதயத்தைச் செப்பனிட்ட பின் முதியோர் சிலரின் நினைவும் சிந்தனையும் தளர்ந்துபோகின்றன.

1953ஆம் ஆண்டு மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் என்னும் மருத்துவர், இதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து, ஓர் இளம்பெண்ணின் இதயத்திலிருந்த துளையை அடைத்தார். 1967இல் கிளீவ்லாந்தில் ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த இரத்த நாளத்தைக் கொண்டு அடைபட்ட குழாய்க்கு மாற்றுவழி அமைத்தார். இன்று நம் ஊர்களிலும் 'பைபாஸ்' செய்துகொண்ட பெரியவர்கள் பலர் பள்ளிவாசலுக்கு நடந்தே வருகின்றனர். அது அல்லாஹ்வின் அருள், மறுப்பார் இலர்.

ஆயினும் அவர்களுள் ஒருவர், நமக்குத் தெரிந்த வணிகர், நாற்பதாண்டுக் காலம் கடைக் கணக்கை மனத்திலேயே போட்டவர், இப்போது சிட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் மௌனமாயிருக்கிறார். மக்கள் அதனைச் சோம்பல் என்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் பைபாஸ் செய்துகொண்ட 261 பேரைத் தொடர்ந்து சோதித்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். மருத்துவமனையை விட்டு வெளியேறும்போது நூற்றுக்கு 53 பேரிடம் அறிவாற்றல் குறைந்திருந்தது. ஆறு வாரத்தில் அது 36 ஆகவும், ஆறு மாதத்தில் 24 ஆகவும் இறங்கியது. ஐந்தாண்டு கழித்தோ 42 ஆக ஏறியிருந்தது. இயந்திரத்தின் மீதே முழுப் பழியையும் சுமத்தினர் சிலர். பின்னர், இயந்திரமின்றித் துடிக்கும் இதயத்திலேயே செய்த சிகிச்சையை நெதர்லாந்தினர் ஒப்பிட்டனர். ஐந்தாண்டின் முடிவில் பெரிய வேறுபாடு காணவில்லை. இதய நோயிருந்தும் கத்தி படாத முதியோரிடமும் இத்தகைய தளர்ச்சி காணப்படுகிறது. இதயக் குழாயைக் கெடுத்த நோயே மூளையின் நுண்குழாய்களையும் முன்னரே தொட்டிருக்கலாம் அன்றோ?

நிற்க. நம் வினா மருத்துவத்தைப் பற்றியதன்று. இச்செய்தியைச் சிகிச்சைக்கு முன் பெரியவரிடம் சொல்ல வேண்டுமா என்பதே அது. பிள்ளைகள் மருத்துவரைத் தனியே சந்தித்து, "வாப்பாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், பயந்துவிடுவார்" என்கின்றனர். அன்பினால்தான் சொல்கின்றனர். அச்சத்தால் அவர் சிகிச்சையை மறுத்து உயிரிழந்தால் யார் பொறுப்பு என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. எனினும் உடல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்; நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதன்று. நினைவு தளருமாயின் தளர்வது அவருடைய நினைவு. அதனை எடைபோடும் அறிவு முழுமையாயிருக்கும் நாளிலேயே அவரைக் கேளாமல் வேறெந்த நாளில் கேட்பது? "நீங்களே பேசி முடியுங்கள்" என்று அவர் சொன்னால் அது அவர் கொடுத்த உரிமை. கேளாமலே மறைப்பது நாம் எடுத்துக்கொண்ட உரிமை. இரண்டும் ஒன்றாகா. பெரும்பாலோர்க்குத் தளர்ச்சி மெல்ல நீங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் எத்தனை பேர் மறுப்பர்? நம் முதியோரின் துணிவை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

சிகிச்சைக்குப் பிந்திய முதல் சில நாட்களில் வேறொரு நிலையும் சிலருக்கு வருவதுண்டு. இரவு பகல் அறியாமல், இல்லாதவரைக் கண்டு பேசி, மகனையே அயலாராகப் பார்ப்பர். இதைக் கண்டு ஜின்னென்று அஞ்சி ஓடுவோரும் உளர்! அது மருத்துவர் அறிந்த மனக்குழப்பமே. மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் கைக்கெட்டக் கிடைத்து, பழகிய முகமொன்று அருகிலிருந்து நாளையும் வேளையையும் சொல்லி வந்தால் அது தணிய உதவும்.

அரபியில் அறிவுக்கு 'அக்ல்' என்றும், ஒட்டகத்தின் காலை மடக்கிக் கட்டும் கயிற்றுக்கு 'இகால்' என்றும் பெயர். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. அந்தக் கயிறு நெகிழ்ந்திருக்கும் நாட்களில், படுக்கையருகே பத்திரத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கும் உறவினரை என்னென்பது? தெளிந்த அறிவில்லாதவன் செய்யும் கொடுக்கல் வாங்கலை ஃபிக்ஹு ஏற்பதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தெளிந்த மனநிலையையே கேட்கிறது. வீட்டுப் பத்திரம் சில மாதம் காத்திருக்கட்டும். காத்திருக்கலாகாத கடனோ, பிறர் கொடுத்து வைத்த பொருளோ, வஸிய்யத்தோ இருப்பின், மருத்துவமனைக்குப் புறப்படுமுன்பே பெரியவர் தம் வாயால் சொல்லி, இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி வைக்கட்டும்.