மதிலும் வாயிலும்

எல்லை என்பது தள்ளுவதற்கோ, கொள்ளுவதற்கோ? மதில் எழுப்பிய முன்னோர் அதிலேயே வாயிலும் வைத்தனர் என்பதை வடமதுரைச் சௌந்தரராஜப் பெருமாள் திருக்கோயிலைச் சேவிக்க வரும் அன்பர்கள் அறிவர். நம் சரீரத்து உயிரணுவும் அத்தகையதே. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாய்க் கூறிட்டால் ஏழெட்டுக் கூறே தடிப்புள்ள, ஈரடுக்குக் கொழுப்புச் சவ்வு அதன் மதில். அதில் பதிந்துள்ள புரதங்களுட் பல வாயில்கள். மதில் சிதையினும் மரணம். வாயில்கள் யாவும் அடைபடினும் மரணமே.

சிறுகுடலில் விந்தையான வாயில் ஒன்றுண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் துணைசேர்ந்து வந்தால் இரண்டையும் ஏற்கும், நீர் பின்தொடரும். காலரா நஞ்சு உப்பையும் நீரையும் வெள்ளமாய் வெளியேற்றும்போதும் இவ்வாயில் கெடுவதில்லை.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவிற்று. மேற்கு வங்கத்துப் பன்காவ் நகரில், ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவரவே, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டர் நீரில் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், ஆப்பசோடா 2.5 கிராம் கரைத்து, நோயாளிகளின் உற்றாரையே புகட்டச் செய்தார். பயிலாதார் கையில் சிகிச்சையை ஒப்படைக்கலாகாது என்பதும் ஒரு மதில்தானே! வேண்டாத மதில் என்றும் அதனைச் சொல்வதற்கில்லை. சவ்வு தன் இயல்பாலே திறக்கிறது. அவரோ, பிழைத்தால் பழி தம்மைச் சேரும் என்றறிந்தே திறக்க வேண்டியிருந்தது. நூற்றுக்குச் சுமார் 30 பேர் மாண்டுவந்த நிலைமாறி, அவ்வெண்ணிக்கை நான்கினும் குறைந்தது.